எஃப்.எம். ஆன்டெனா பூஸ்டர்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

கொடைக்கானலில் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து வரும் 100.5 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பு, இடையில் குன்றோ மேடோ மறிக்காத சமவெளியில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வரை நேர்ப்பார்வையில் இருக்கிறது. அந்த எல்லையை நெருங்கும் ஊர்களில் நிலையம் கிடைக்கும், ஆனால் இரைச்சலோடு கிடைக்கும். மலையடிவாரத்து ஊர்களில் தொலைவு குறைவாக இருந்தும் முகடு மறைத்துவிடுவதால் இதே நிலைதான். இத்தகைய இடங்களில்தான், ஆன்டெனா பிடிக்கும் சிக்னலை ரேடியோவுக்குப் போகும் முன் பெருக்கும் ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்டர் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை வருகிறது. செய்வதற்குப் பாதி நாள் போதும். செய்தபின் அது ஏன் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் முறையான வழி தேவைப்படுகிறது.

கீழே சொல்லப்படும் அளவுகள் அனைத்தும் பின்வரும் சுற்றை வைத்துச் சொல்லப்படுபவை. டிரான்சிஸ்டர் பிஎஃப் 494, அதன் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். எமிட்டர் நேரடியாகக் கிரவுண்டில், அதாவது மின்சாரத்தின் நெகட்டிவ் பக்கத்தில், இருக்கிறது. 9 வோல்ட் மின்சாரத்திலிருந்து கலெக்டருக்கு 680 ஓம் மின்தடையும், கலெக்டரிலிருந்து பேஸுக்கு 100 கிலோ ஓம் மின்தடையும் செல்கின்றன. ஆன்டெனாவிலிருந்து பேஸுக்கும், கலெக்டரிலிருந்து ரேடியோவுக்கும் 100 பிகோஃபாரட் மின்தேக்கி ஒவ்வொன்று. 680 ஓம் மின்தடையின் 9 வோல்ட் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட் வட்டு மின்தேக்கி ஒன்றும், அதனருகே 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும் உள்ளன. ஆன்டெனா என்பது ஒவ்வொன்றும் 71 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு கைகளைக் கொண்ட டைபோல். ஒரு கை கோஆக்சியல் கேபிளின் நடுக்கம்பியிலும் மற்றொன்று அதன் வலைப்பின்னலிலும் இணைந்திருக்கும். இந்தச் சுற்றிலிருந்து 10 டெசிபெல் (சக்தியில் பத்து மடங்கு) அளவுக்குப் பெருக்கம் கிடைத்தால் திருப்தி அடையலாம்.

இணைப்பு மின்தேக்கிக்கு 100 பிகோஃபாரட் என்ற சிறிய அளவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 100 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை 16 ஓம் மட்டுமே, ஆகவே எஃப்.எம். தடையின்றிப் போகும். 1 மெகாஹெர்ட்ஸில் அதுவே 1,600 ஓம் ஆகிவிடுவதால், பக்கத்தில் மத்திய அலை நிலையம் இருந்தாலும் அதன் பலத்த சிக்னல் பேஸுக்கு வந்து தொல்லை கொடுப்பது பெரிதும் குறையும்.

எதையும் பிரிப்பதற்கு முன்

பூஸ்டரின் சுவிட்சைப் போட்டும் அணைத்தும் வித்தியாசம் பார்ப்பது எல்லோரும் செய்வது, ஆனால் அந்த ஒப்பீடு ஏமாற்றும். மின்சாரம் இல்லாத டிரான்சிஸ்டர் சிக்னலைக் கடத்துவதில்லை, தடுக்கிறது. ஆகையால் அணைத்தால் நிலையம் மறைந்து போட்டால் வருவதை வைத்துப் பூஸ்டர் பெருக்குகிறது என்று முடிவு கட்ட முடியாது. தான் அடைத்த கதவைத் தானே திறந்திருக்கவும் கூடும். சரியான ஒப்பீடு, பூஸ்டரை முழுவதும் விலக்கிவிட்டு ஆன்டெனா கேபிளை நேரே ரேடியோவில் கொடுத்துக் கேட்பதும், பிறகு பூஸ்டரோடு கேட்பதும்தான். நேரடி இணைப்பிலேயே நிலையம் தெளிவாக இருந்தால் பூஸ்டர் தேவையே இல்லை. 20 மீட்டர் ஆர்ஜி 6 வகைக் கோஆக்சியல் கேபிள் 100 மெகாஹெர்ட்ஸில் இழப்பது ஒன்றேகால் டெசிபெல் சொச்சம்தான். அந்த இழப்பை ஈடுகட்டுவதற்காக மட்டும் பூஸ்டர் வைப்பது வீண் வேலை. மாறாக, ஆன்டெனாவை அறைக்குள்ளிருந்து மொட்டை மாடிக்குக் கொண்டு போவதால் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் எந்த ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்டரையும் மிஞ்சிவிடும்.

இரண்டாவது சோதனை, அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்ப்பது. சுற்று எடுத்துக்கொள்வது சுமார் 5 மில்லி ஆம்பியர் மட்டுமே என்பதால் பேட்டரி தாராளமாகத் தாங்கும். பேட்டரியில் சரியாகிவிடும் கோளாறு பூஸ்டரில் இல்லை, அடாப்டரில் இருக்கிறது. இந்த இரண்டு சோதனைகளையும் முடித்த பின்பே கீழே உள்ள அறிகுறிகளுக்குள் செல்ல வேண்டும்.

அறிகுறி: போட்டாலும் அணைத்தாலும் எந்த மாற்றமும் இல்லை

இதற்கு இரண்டு பொருள் இருக்க முடியும். டிரான்சிஸ்டர் வேலை செய்யாமல் இருக்கலாம், அல்லது ரேடியோ பூஸ்டரைக் கேட்காமல் வேறு வழியில் சிக்னலை எடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவதைப் பிரித்தறிவது எளிது. பூஸ்டரின் உள்ளீட்டிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றிய பிறகும் நிலையம் அதேபோல் கேட்டுக்கொண்டிருந்தால், ரேடியோவின் சொந்தக் கம்பி ஆன்டெனாவோ இயர்போன் வயரோதான் சிக்னலைப் பிடிக்கிறது. பூஸ்டரை இணைக்கும்போது ரேடியோவின் நீட்டுக் கம்பியை முழுவதும் உள்ளே தள்ளி, அடிக்கணுவில் முதலைக் கிளிப்பை மாட்ட வேண்டும். கம்பியை நீட்டியபடி நுனியில் மாட்டுவது பரவலான வழக்கம், ஆனால் அப்படிச் செய்தால் அது தனி ஆன்டெனாவாகவே நடந்துகொள்ளும்.

மேலும் பலர் மறந்துவிடும் இணைப்பு ஒன்று உண்டு. பூஸ்டரின் கிரவுண்டு ரேடியோவின் கிரவுண்டோடு சேர வேண்டும். கையடக்க ரேடியோவில் அதற்கெனத் தனி முனை இருக்காது. பெரும்பாலான ரேடியோக்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையே கிரவுண்டு, ஆகவே அங்கே ஒரு சிறு வயரைச் செருகி இணைக்கலாம். ஒற்றை வயரில் சிக்னலை மட்டும் கொடுத்தால் அதற்குத் திரும்பும் பாதை இருக்காது, பெருக்கத்தின் பெரும்பகுதி அங்கேயே தொலையும்.

ரேடியோவின் பக்கம் சரியாக இருந்தால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையால் கலெக்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் 5.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் பெருக்க எண் வேறுபடுவதால் 4 முதல் 6.5 வரை எது வந்தாலும் கவலைப்பட வேண்டாம். பேஸில் 0.7 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்.

கலெக்டரில் முழு 9 வோல்ட்டும் இருந்தால் டிரான்சிஸ்டர் வழியே மின்னோட்டம் செல்லவில்லை. 100 கிலோ ஓம் மின்தடையின் ஏதாவது ஒரு முனையில் சால்டர் பிடித்திருக்காது, அல்லது எமிட்டர் கிரவுண்டைத் தொடாமல் நிற்கும், அல்லது பேஸும் எமிட்டரும் சால்டர் துளியால் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியாகச் சொன்ன நிலையில் பேஸ் வோல்ட்டேஜ் பூஜ்யமாக இருக்கும்.

கலெக்டரில் 2 வோல்ட்டுக்கும் குறைவாக இருந்தால் 100 கிலோ ஓமுக்குப் பதிலாக 10 கிலோ ஓம் மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்பது 100 கிலோ. மூன்றாவது பட்டை ஆரஞ்சாக இருந்தால் அது 10 கிலோ. மங்கலான குழல் விளக்கு வெளிச்சத்தில் இந்தப் பட்டைகளை நம்பக் கூடாது. ஒவ்வொரு மின்தடையையும் மாட்டுவதற்கு முன் மீட்டரில் அளந்துவிடுவது நல்லது.

கலெக்டரில் 0.7 அல்லது 0.8 வோல்ட் மட்டுமே இருந்தால் மீட்டரின் முனைகளை 680 ஓம் மின்தடையின் இரு பக்கமும் தொட்டுப் பார்ப்பது பயன்படாது, ஏனென்றால் அங்கே எப்படியும் 8 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மின்னோட்டத்தை அளக்க வேண்டும். பேட்டரியிலிருந்து 12 மில்லி ஆம்பியர் போனால் டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கின்றன. ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போனால் 680 ஓமுக்குப் பதிலாக 68 கிலோ ஓம் அமர்ந்திருக்கிறது. நீலம், சாம்பல் இரண்டும் பொது. மூன்றாவது பட்டை பழுப்பா ஆரஞ்சா என்பதில்தான் வேறுபாடு.

கால்கள் மாறுவது இந்தச் சுற்றில் மிகவும் சாதாரணமாக நிகழும் தவறு. பிசி 547 டிரான்சிஸ்டரோடு பழகிய கைகள், நடுக்கால் பேஸ் என்று எண்ணியே வேலையைத் தொடங்கும். பிஎஃப் 494-இல் நடுக்கால் எமிட்டர். தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்போது பிசி 547-இன் வரிசை கலெக்டர், பேஸ், எமிட்டர். எஸ் 9018 என்ற டிரான்சிஸ்டரின் வரிசையோ எமிட்டர், பேஸ், கலெக்டர். பிஎஃப் 494-ஐப் பொறுத்தவரை நினைவை நம்பாமல் மீட்டரை டையோடு நிலையில் வைத்துப் பேஸ் எது என்று கண்டுகொள்வதே பாதுகாப்பு. சிவப்பு முனையை ஒரு காலில் நிலையாக வைத்தபடி மற்ற இரண்டையும் கறுப்பு முனையால் தொடும்போது இரண்டிலும் 0.6, 0.7 என்று காட்டினால், சிவப்பு முனை இருக்கும் கால் பேஸ். அவ்விரண்டில் சற்றே கூடுதலாகக் காட்டுவது எமிட்டர்.

வோல்ட்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் பெருக்கம் இல்லையென்றால் மின்தேக்கிகளின் எண்ணைப் படிக்க வேண்டும். 101 என்றால் 100 பிகோஃபாரட், 103 என்றால் 10 நானோஃபாரட். 100 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது பல வேளைகளில் 10 பிகோஃபாரட். அதன் தடை 100 மெகாஹெர்ட்ஸில் 160 ஓம் என்பதால் சிக்னலின் பெரும்பகுதி உள்ளே நுழையாமலே நின்றுவிடும்.

அறிகுறி: நிலையங்கள் விழுங்கப்படுகின்றன, விசில் கேட்கிறது, கையை அருகில் கொண்டு போனால் எல்லாம் மாறுகிறது

பூஸ்டர் தானே ஊசலாடத் தொடங்கிவிட்டது, அதாவது வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பித் தானாகவே சிக்னலை உண்டாக்குகிறது என்பதற்கு இவை அடையாளம். மிகுந்த நேரத்தை விழுங்கும் கோளாறும் இதுதான், ஏனென்றால் வோல்ட்டேஜ்கள் பெரும்பாலும் சரியாகவே காட்டும், பாகங்கள் அனைத்தும் நல்ல நிலையிலேயே இருக்கும்.

உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டாவது ரேடியோ ஒன்று வேண்டும். அதைப் பூஸ்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து, நிலையம் இல்லாத இடங்களில் முள்ளை மெல்ல நகர்த்த வேண்டும். வழக்கமான 'ஸ்ஸ்' இரைச்சல் ஓரிடத்தில் திடீரென்று அடங்கி அமைதியாகி, பூஸ்டரை அணைத்ததும் இரைச்சல் திரும்பி வந்தால், பூஸ்டர் அந்த அலைவரிசையில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் அதை ஓட விடுவது சரியன்று. உரிமமில்லாமல் ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, மேல்வீட்டுக்காரரின் ரேடியோவும் கெடும். மீட்டரிலும் ஒரு தடயம் கிடைக்கும். கலெக்டர் வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டே உள்ளீட்டு வயரை விரலால் தொடும்போது அளவு குதித்தால் ஊசலாட்டம் இருப்பதாகக் கொள்ளலாம்.

காரணம் பெரும்பாலும் கால்களின் நீளம். நீளமான கம்பியும் 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு காயில்தான். ஒரு மில்லிமீட்டர் காலுக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி என்று கணக்கிட்டால், 20 மில்லிமீட்டர் கால் 12 ஓம் தடையைத் தருகிறது. 10 நானோஃபாரட் மின்தேக்கியின் சொந்தத் தடை அங்கே 1 ஓமுக்கும் மிகக் குறைவு. ஆனால் அதன் இரு கால்களையும் சென்டிமீட்டர் கணக்கில் விட்டுச் சால்டர் செய்தால் அது மின்தேக்கியாக நடந்துகொள்ளாமல் காயிலாக நடந்துகொள்ளும், மின்சார வயரின் வழியே வெளியீடு உள்ளீட்டுக்குத் திரும்பும். எமிட்டர் காலும் இப்படித்தான். 5 மில்லி ஆம்பியரில் டிரான்சிஸ்டரின் உள் எமிட்டர் தடையே 5 ஓம் அளவில்தான் இருக்கும்போது, வெளியே ஒரு சென்டிமீட்டர் கால் விட்டால் அது 6 ஓம் சேர்த்துவிடும். அது ஊசலாட்டத்தைத் தூண்டாது, பெருக்கத்தைத்தான் தின்னும். ஆனாலும் சரிசெய்யும் வழி ஒன்றே: கால்களை 2, 3 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும்.

சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டில் இந்தச் சுற்றை ஓட்டிப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிடுவதே மேல். அதன் உள்ளே நீண்ட தகடுகள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன, அவற்றின் இடையே உருவாகும் மின்தேக்கம் உள்ளீட்டையும் வெளியீட்டையும் இணைத்துவிடும். ஓட்டை போட்ட வெரோபோர்டும் ஓரளவுக்கே ஏற்றது. செம்புத் தகடு ஒட்டிய பலகை ஒன்றை வாங்கி, செம்புப் பக்கம் மேலே இருக்க, அந்த முழுப் பரப்பையும் கிரவுண்டாகக் கொண்டு, எமிட்டரையும் மின்தேக்கிகளின் கிரவுண்டுக் கால்களையும் நேரே அதில் பற்றவைப்பதுதான் இந்த அலைவரிசைக்குரிய முறை. பார்ப்பதற்கு அழகாக இருக்காது, நடத்தை மட்டும் ஒழுங்காக இருக்கும்.

உள்ளீட்டுக் கேபிளும் வெளியீட்டுக் கேபிளும் பலகையின் எதிரெதிர் முனைகளில் வர வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதும், வெளியீட்டுக்குக் கோஆக்சியலை விட்டுச் சாதாரண வயரைப் பயன்படுத்துவதும் ஊசலாட்டத்தை வரவழைக்கும். இவ்வளவும் செய்தபின் மீதம் இருந்தால், கலெக்டருக்கும் வெளியீட்டு மின்தேக்கிக்கும் இடையே 22 ஓம் அல்லது 33 ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் சேர்க்கலாம். சிறிது பெருக்கம் குறையும், நிலைத்தன்மை கூடும். முடிவில் பலகையைத் தகர டப்பாவில் வைத்து, டப்பாவைக் கிரவுண்டோடு இணைத்து மூடலாம். ஊசலாட்டம் நிற்பதற்கு முன்பே டப்பாவில் வைத்து மூடுவது நோயை மறைப்பதாகும். சில வேளைகளில் மூடியதும் ஊசலாட்டம் கூடுவதும் உண்டு.

அறிகுறி: ஒரே நிலையம் பல இடங்களில் கேட்கிறது, தூர நிலையத்தின் மேல் உள்ளூர் நிலையம் ஏறுகிறது

இது சிக்னல் குறைவால் வருவதன்று, மிகுதியால் வருவது. நகரத்துக்குள் பூஸ்டர் வைப்பவர்கள் அதிகம் சந்திப்பது இதைத்தான். இரண்டு பலத்த நிலையங்கள் ஒரே டிரான்சிஸ்டருக்குள் நுழைந்து அதன் எல்லையைத் தாண்டும்போது, ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வரும் அலைவரிசைகளில் போலி நிலையங்கள் பிறக்கின்றன. சென்னையில் 93.5-உம் 98.3-உம் பலமாக விழும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால், போலிகள் 103.1-இலும் 88.7-இலும் தோன்றும். தாம் கேட்கும் இரைச்சல் கலந்த நிலையம் போலியா உண்மையா என்று ஐயம் வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளின் ஒலியும் கலந்து கேட்டால் பெரும்பாலும் போலிதான்.

பெருக்கத்தை மேலும் கூட்டுவது இங்கே தீங்கு. கலப்பு பூஸ்டரில் நிகழ்கிறதா ரேடியோவில் நிகழ்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பூஸ்டருக்கும் ரேடியோவுக்கும் இடையே சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை வைத்ததும் போலி மறைந்தால் ரேடியோதான் திணறிக்கொண்டிருக்கிறது, பூஸ்டர் அந்த இடத்துக்கு மிகை. மறையவில்லை என்றால் பூஸ்டரே திணறுகிறது. அப்போது டைபோலைத் திருப்பி, அதன் கை நுனி தொல்லை தரும் உள்ளூர்க் கோபுரத்தை நோக்கும்படி வைக்க வேண்டும், ஏனெனில் படுத்திருக்கும் டைபோல் தன் நுனிகளின் திசையில் மிகக் குறைவாகவே ஏற்கும். தூர நிலையம் வேறு திசையில் இருந்தால் இந்த ஒரு திருப்பத்திலேயே பெரும் வித்தியாசம் தெரியும்.

உள்ளீட்டில் பாதுகாப்புக்காக எதிரெதிராக இரண்டு டையோடுகளை வைத்திருப்பவர்கள் அவற்றையும் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பலத்த நிலையத்தின் அருகே அந்த டையோடுகளே கலப்பை உண்டாக்கும்.

அறிகுறி: உறுமலும் கரகரப்பும்

பேட்டரியில் ஓட்டும்போது மறையும் 'ம்ம்ம்' என்ற உறுமல் அடாப்டரின் சரியாக வடிகட்டப்படாத மின்சாரத்தால் வருவது. 9 வோல்ட்டை நிலையாகத் தரும் 7809 ரெகுலேட்டர் ஒன்றை இடையில் சேர்த்தால் தீர்ந்துவிடும், ஆனால் அதற்கு முன்னால் குறைந்தது 12 வோல்ட்டாவது வர வேண்டும். செல்போன் சார்ஜரிலிருந்து மின்சாரம் எடுப்பவர்கள் வேறுவகைத் தொல்லையை விலைக்கு வாங்குகிறார்கள். அதன் உள்ளே வேகமாகச் சுவிட்ச் ஆகும் சுற்று, எஃப்.எம். பட்டை வரைக்கும் இரைச்சலைப் பரப்பும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர் இதற்கு எவ்வளவோ மேல்.

பேட்டரியிலும் கரகரப்பு நீடித்தால் இரைச்சல் காற்றில் வருகிறது. கரண்ட் போகும் நேரம் இதற்கு வாய்ப்பான நேரம். தெருவே இருண்டிருக்கும்போது ரேடியோவும் பூஸ்டரும் பேட்டரியில் ஓட, நிலையம் தெளிந்து வந்தால் குற்றவாளி வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கிறது. அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு எல்இடி பல்பாகப் போட்டுப் பார்க்கலாம். மலிவான எல்இடி பல்புகளும் இன்வெர்ட்டரும்தான் பெரும்பாலும் பிடிபடும். பிஎஃப் 494 தானாகச் சேர்க்கும் இரைச்சல் 4 டெசிபெல் அளவுதான். ஊருக்குள் 100 மெகாஹெர்ட்ஸில் மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சல் அதைவிடப் பன்மடங்கு அதிகம், ஆகவே விலை கூடிய டிரான்சிஸ்டரைத் தேடி அலைவதற்கு முன் ஆன்டெனாவை அந்தப் பல்புகளிடமிருந்து தள்ளி வைப்பதே பயன் தரும்.

அறிகுறி: சிக்னல் பலமாக இருந்தும் ஒலி சுத்தமாக இல்லை

இதில் இரண்டு வகை. ஒன்று, பேச்சின் பின்னால் விடாமல் 'ஸ்ஸ்' ஓடிக்கொண்டே இருப்பது. ரேடியோவை மோனோவுக்கு மாற்றினால் அது பெரும்பாலும் அடங்கிவிடும், ஏனென்றால் ஸ்டீரியோ சுத்தமாகக் கேட்க மோனோவைவிட ஏறத்தாழ 20 டெசிபெல் கூடுதல் தெளிவு தேவை. பூஸ்டர் தரும் 10 டெசிபெல் அந்த இடைவெளியை நிரப்பாது. எல்லைப்புறத்தில் இருப்பவர்கள் மோனோவில் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மற்றொன்று, 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் வரும்போதெல்லாம் ஒலி கிழிவது. நிலையத்திலிருந்து நேரே வரும் அலையும், கட்டடத்திலோ குன்றிலோ பட்டுத் தாமதமாக வரும் அலையும் ஒன்றோடொன்று மோதுவதால் இது நேர்கிறது. பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே பெருக்கும் என்பதால் இங்கே அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆன்டெனாவை 75 சென்டிமீட்டர் அளவுக்கு, அதாவது கால் அலைநீளம், முன்னும் பின்னும் நகர்த்தியும், படுத்த நிலையிலிருந்து நிமிர்த்தியும் பார்க்க வேண்டும். மாடியின் ஒரு மூலையில் கிழியும் ஒலி மறு மூலையில் சுத்தமாகிவிடுவதைக் காணலாம்.

அறிகுறி: பட்டையின் ஒரு பக்கம் நன்றாக, மறு பக்கம் மோசமாக

மேலே சொன்ன சுற்றில் டியூனிங் இல்லாததால், இது நேர்ந்தால் ஆன்டெனாவின் நீளத்தைச் சந்தேகிக்க வேண்டும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும்.

680 ஓமுக்குப் பதிலாகக் காயிலும் டிரிம்மரும் (திருகி அளவை மாற்றும் சிறு மின்தேக்கி) வைத்துக் கட்டியவர்களுக்கு வேலை சற்று அதிகம். 6 மில்லிமீட்டர் துளைப்பான் தண்டின் மேல் 22 கேஜ் எனாமல் கம்பியை 5 சுற்றுச் சுற்றி, 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுத்துவிட்டால் 100 நானோஹென்றி அளவில் இருக்கும். அதனோடு 25 பிகோஃபாரட் சேரும்போது 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒத்திசையும். டிரான்சிஸ்டரும் பலகையும் தாமாகச் சில பிகோஃபாரட்களைச் சேர்க்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் திருத்துவது என்று தெரியாதபோது, காயிலின் உள்ளே ஒரு சிறு ஃபெரைட் துண்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். நிலையம் பலப்பட்டால் காயிலுக்குச் சுற்று போதவில்லை, சுருளை நெருக்க வேண்டும். பித்தளைத் துண்டை நுழைத்ததும் பலப்பட்டால் சுருளை இழுத்து விரிக்க வேண்டும். இரண்டுக்குமே நலிந்தால் காயில் சரியான இடத்தில் இருக்கிறது, தொட வேண்டாம். திருத்துவதற்கு உலோக ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்தினால் கையை எடுத்ததும் டியூனிங் ஓடிவிடும். பிளாஸ்டிக் குச்சியே ஏற்றது.

அறிகுறி: மழைக்குப் பின் படிப்படியாக நலிவு

கேபிளின் மேல்முனை வழியே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஈரமேறிய வலைப்பின்னல் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உறையை ஒரு விரல் நீளம் உரித்துப் பார்த்தால் கறுத்தோ பச்சை படர்ந்தோ இருக்கும். அந்தப் பகுதியை வெட்டித் தள்ளிவிட்டுப் புதிய முனையைத் தயாரிக்க வேண்டும். நிறம் மாறாத செம்பு தெரியும் வரை வெட்டத் தயங்கக் கூடாது. இணைப்பின் மேல் டேப்பைச் சுற்றுவதோடு நிறுத்தாமல், கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மழையோடு தொடர்பில்லாமல் சில நாள் மட்டும் தூர நிலையங்கள் பாய்ந்து வருவதைக் கோளாறாகக் கொள்ள வேண்டாம். இராமேசுவரம் போன்ற கரையோர ஊர்களில் வளிமண்டலத்தின் நிலையைப் பொறுத்து இலங்கை எஃப்.எம். நிலையங்கள் உள்ளூர் நிலையம்போல் கேட்பது பழக்கமான செய்தி. ஒரு பட்டனைத் திருகியதால் இது வந்தது என்று நினைத்து, மறுநாள் அதே நிலையைத் தேடிச் சுற்றைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

அறிகுறி: மேசையில் வேலை செய்த பூஸ்டர் மாடியில் செய்வதில்லை

பூஸ்டரை ஆன்டெனாவின் அடியிலேயே வைத்து, மின்சாரத்தையும் அதே கோஆக்சியல் கேபிளின் வழியே மேலே அனுப்புவது சிறந்த அமைப்பு. தூர்தர்ஷன் காலத்து மாடி ஆன்டெனாக்களின் பூஸ்டர்கள் இப்படித்தான் ஓடின. கீழே 2.2 மைக்ரோஹென்றி சோக் (நேர்மின்சாரத்தை விட்டு, சிக்னலைத் தடுக்கும் காயில்) ஒன்றின் வழியே 9 வோல்ட்டைக் கேபிளில் ஏற்றி, மேலே அதேபோன்ற சோக்கின் வழியே இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த சோக் 100 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1,400 ஓம் தடையாகி, சிக்னல் மின்சார வழியில் கசியாமல் பார்த்துக்கொள்ளும்.

மேலே போய்க் கேபிள் முனையில் வோல்ட்டேஜை அளக்க வேண்டும். பூஜ்யமாக இருந்து, கீழே அடாப்டர் சூடேறினால் கேபிள் முனையில் மாட்டும் எஃப் கனெக்டருக்குள் வலைப்பின்னலின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தலைமுடி அளவுள்ள அந்த இழையை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் காண்பது கடினம், கனெக்டரைக் கழற்றி மறுபடி மாட்டுவதே விரைவான வழி. பூஜ்யமாக இருந்தும் அடாப்டர் சூடேறவில்லை என்றால் வழியில் சிக்னலைப் பல முனைகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் பல ஸ்ப்ளிட்டர்கள் நேர்மின்சாரத்தைக் கடத்தாமல் தடுக்கும்படியே செய்யப்பட்டவை. கீழே ரேடியோவுக்குப் போகும் முனையில் 100 பிகோஃபாரட் மின்தேக்கி தொடரில் இருக்க வேண்டும், இல்லையேல் 9 வோல்ட் ரேடியோவின் உள்ளே நுழையும்.

மேலே 9 வோல்ட் சரியாக வந்தும் பூஸ்டர் மௌனமாக இருந்தால் இடியையோ நிலைமின்சாரத்தையோ சந்தேகிக்கலாம். பேஸில் 0.7-க்குப் பதில் பூஜ்யமோ பல வோல்ட்டோ காட்டினால் டிரான்சிஸ்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும். மாற்றும்போதே ஆன்டெனாவின் இரு கைகளுக்கும் இடையே 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துவிட்டால் நிலைமின்சாரம் தேங்காமல் வடியும். நேரடியாக விழும் இடிக்கு இது காப்பாகாது, ஆகவே மேகம் திரண்டு இடி கேட்கத் தொடங்கியதும் மாடிக்கு ஏறாமல் கீழே கேபிளை ரேடியோவிலிருந்தும் அடாப்டரிலிருந்தும் கழற்றிவிட வேண்டும். கம்பத்தை நிறுத்தும் இடமும், அது எப்பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்வாரியத்தின் கம்பிகளை எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.